திரை போட்டுக் கேட்டால் தெரியும்!

ஒரு கம்பி. நீளம் 6 அடிதான். ஆம்ப்ளிபயரில் இருந்து ஸ்பீக்கர் பெட்டிக்குப் பாட்டைக் கொண்டு போகிற கம்பி.

அதன் விலை என்ன தெரியுமா? பல ஆயிரம் டாலர்!

இது கதை அல்ல. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இப்படிப்பட்ட கம்பிகள் விற்கின்றன. வாங்குவதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு "ஆடியோபைல்" என்று பெயர். "ஒலிப் பித்தர்" என்றும் சொல்லலாம். பாடகர் எதிரே உட்கார்ந்து பாடுவது போலவே வீட்டில் பாட்டு கேட்க வேண்டும். அதுதான் அவர்கள் ஆசை. நல்ல ஆசைதான். அதற்காகச் சம்பளத்தைக் கொட்டுகிறார்கள். சிலர் சேமிப்பையும் கொட்டுகிறார்கள்.

இந்தக் கூட்டத்தில் இரண்டு கட்சிகள் உண்டு.

ஒரு கட்சி கணக்குக் கட்சி. "கம்பி என்றால் கம்பிதான். மின்சாரம் போகிறது, வருகிறது. இதில் என்ன வித்தியாசம்?" என்று இவர்கள் சூத்திரம் போட்டுக் காட்டுவார்கள். அந்தக் கம்பியை ஒரு தடவையாவது மாட்டிக் கேட்டிருப்பார்களா என்றால், இல்லை!

இன்னொரு கட்சி காதுக் கட்சி. "கணக்கு யாருக்கு வேண்டும்? என் காதுக்குத் தெரிகிறது" என்பார்கள். "சரி, கண்ணைக் கட்டிக்கொண்டு கண்டுபிடியுங்கள், பார்க்கலாம்" என்று சொன்னால் கோபம் வந்துவிடும்.

இரண்டு கட்சிக்கும் சண்டை நடப்பது இன்று நேற்று அல்ல. 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. யார் சொல்வது சரி?

இரண்டு பேருமே ஒரு வேலையைச் செய்யவில்லை. சோதித்துப் பார்க்கவில்லை! தேங்காய் வாங்கப் போகிற பாட்டி கூடக் காதருகே வைத்துத் தட்டிப் பார்க்கிறாள். ஆயிரம் ஆயிரமாகப் பணம் கொடுக்கிறவர்கள் தட்டிப் பார்க்க மறுப்பது என்ன நியாயம்?

எடிசன் செய்த தந்திரம்

சோதனை என்றால் எப்படிப்பட்ட சோதனை? அதில்தான் விஷயம் இருக்கிறது. சோதனையிலும் ஏமாற்று உண்டு.

தாமஸ் எடிசன் 1877-ம் ஆண்டில் போனோகிராப் கருவியைச் செய்தார். பேசிய பேச்சை அது திரும்பப் பேசியது. பிறகு 1912-ல் வைர ஊசியால் ஓடுகிற புதிய இசைத்தட்டு இயந்திரத்தை அவர் கம்பெனி விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதை விற்க ஒரு யுக்தி செய்தார்கள்.

மேடையில் இயந்திரத்தை வைப்பார்கள். பக்கத்தில் பாடகி நிற்பார். இருவரும் சேர்ந்து பாடுவார்கள். பாடகி திடீரென்று நிறுத்துவார். இயந்திரம் மட்டும் பாடும். பிறகு விளக்கை அணைத்து விடுவார்கள். இருட்டில் பாட்டு கேட்கும். விளக்கு எரியும்போது பார்த்தால் பாடகியைக் காணோம்! இவ்வளவு நேரம் பாடியது இயந்திரம்தான்!

ஜனங்கள் அசந்து போனார்கள். 1916-ல் நியூயார்க் நகரில் உள்ள பெரிய கார்னகி மண்டபத்திலேயே இதை நடத்தினார்கள். ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான தடவை நடத்தினார்கள்.

ரகசியம் என்ன? இந்த நிகழ்ச்சிகளில் பாடிய ஆனா கேஸ் என்ற பாடகி பல ஆண்டுகள் கழித்து அதைச் சொன்னார். இயந்திரத்தின் குரல் எப்படி இருந்ததோ அதற்குத் தகுந்தபடி தன் குரலை அவர் அமைத்துக்கொண்டாராம். இயந்திரம் பாடகியைப் போலப் பாடவில்லை. பாடகிதான் இயந்திரத்தைப் போலப் பாடினார்!

விற்கிறவனே நடத்துகிற சோதனை இப்படித்தான் இருக்கும்.

(எடிசனுக்குக் காது சரியாகக் கேட்காது. போனோகிராப் பெட்டியின் மரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு, எலும்பு வழியாக ஒலியைக் கேட்பார். அப்படிக் கேட்டுத்தான், எந்தப் பாடகர் நல்லவர் என்று அவரே தேர்ந்தெடுத்தார். காது கேளாதவருக்கு இருந்த துணிச்சல்!)

நிலவறையில் பிறந்த ஸ்பீக்கர்

இங்கிலாந்தில் கில்பர்ட் பிரிக்ஸ் என்று ஒருவர் இருந்தார். துணி வியாபாரத்தில் இருந்தவர். பொறியியல் பட்டம் பெற்றவர் அல்ல. பியானோ இசையில் மட்டும் பிரியம் அதிகம். 1932-ல் தன் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து ஒரு ஸ்பீக்கர் செய்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் "வார்ப்டேல்" கம்பெனி.

பிரிக்சின் வழி, செய்து பார்ப்பது. பெட்டியின் பலகை அதிர்ந்தால் பாட்டு கெடுகிறது என்று கண்டார். இரண்டு பலகைகளுக்கு நடுவே மணலைக் கொட்டினார். அதிர்வு அடங்கியது! செங்கல்லால் சுவர் கட்டி, அதில் ஸ்பீக்கரைப் பதித்தும் பார்த்தார்.

1954-ல் லண்டன் ராயல் பெஸ்டிவல் மண்டபத்தில் அவர் பொதுமக்களைக் கூட்டினார். ஆம்ப்ளிபயர் செய்யும் பீட்டர் வாக்கர் அவருக்குத் துணை. அரங்கு நிறைந்து விட்டது. மேடையில் வாத்தியக்காரர் வாசிப்பார். அடுத்து, அதே வாசிப்பின் ஒலிப்பதிவு கேட்கும். "எது நன்றாக இருக்கிறது? நீங்களே கேளுங்கள்!" என்றார் பிரிக்ஸ். அடுத்த ஆண்டு கார்னகி மண்டபத்துக்கும் போய் இதையே நடத்தினார்.

அவரும் வியாபாரிதானே என்று கேட்கலாம். வியாபாரிதான். ஆனால் அசல் வாத்தியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெளிச்சத்தில், "ஒப்பிட்டுக்கொள்" என்று சொல்வதற்குத் தைரியம் வேண்டும். பதிவு மட்டமாக இருந்தால் அந்த இடத்திலேயே மானம் போய்விடும் அல்லவா?

கணக்கு தோற்ற கதை

1960-களில் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர்கள் வந்தன. அதுவரை கண்ணாடி வால்வு போட்ட ஆம்ப்ளிபயர்கள்தான் இருந்தன. புதிய கருவி சிறியது, சூடு குறைவு. அளந்து பார்த்தால் பிசிறும் குறைவு. "பழையதைத் தூக்கி எறியுங்கள்" என்றது கணக்குக் கட்சி.

ஆனால் கேட்டவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். "காதைக் கீறுகிறது" என்றார்கள். அதுவும் மெதுவாக வைத்துக் கேட்டால்தான் அதிகமாகக் கீறுகிறது என்றார்கள். அளவுக் கருவியோ "எல்லாம் சரி" என்று காட்டியது. கேட்டவர்களைப் பார்த்துக் கேலி செய்தவர்களும் உண்டு.

கடைசியில் உண்மை வெளிப்பட்டது. அந்த ஆம்ப்ளிபயரில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒலி அலையின் மேல் பாதியை ஒன்று தூக்கும். கீழ்ப் பாதியை இன்னொன்று தூக்கும். ஒருவர் கையில் இருந்து இன்னொருவர் கைக்குக் குடம் மாறுகிற மாதிரி! மாறுகிற அந்தக் கணத்தில் கொஞ்சம் சிந்துகிறது. குடம் பெரிதாக இருந்தால் சிந்தியது தெரியாது. சிறிய செம்பாக இருந்தால் பாதித் தண்ணீர் போய்விடும்.

நிபுணர்கள் ஆம்ப்ளிபயரை முழு வேகத்தில் அலற விட்டு அளந்தார்கள். அதாவது பெரிய குடத்தை அளந்தார்கள். வீட்டில் ராத்திரி மெதுவாகப் பாட்டு வைத்தவர் செம்பைப் பார்த்தார். காது சொன்னது சரி. அளந்த இடம் தப்பு. பிறகு மெதுவாக வைத்தும் அளந்தார்கள், குறையைத் திருத்தினார்கள்.

இந்தக் கதையைக் காதுக் கட்சிக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. "பார்த்தீர்களா! காதுதான் ராஜா!" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு அடி காத்திருந்தது.

கண் செய்கிற குறும்பு

பிளாய்டு டூல் என்பவர் கனடா தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் 25 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். ஸ்பீக்கர் ஆராய்ச்சியில் பெரிய ஆள். பிறகு அமெரிக்காவில் ஹார்மன் கம்பெனிக்குப் போனார். அங்கே ஷான் ஆலிவ் என்பவரும் அவரும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். அதை 1994-ல் வெளியிட்டார்கள்.

40 பேர். எல்லோரும் அந்தக் கம்பெனி ஊழியர்கள். 4 ஸ்பீக்கர்கள். முதலில் திரை போட்டு மறைத்துக் கேட்க வைத்தார்கள். மார்க்குப் போடச் சொன்னார்கள். பிறகு திரையை விலக்கினார்கள். அதே ஸ்பீக்கர்கள், அதே பாட்டு. மறுபடி மார்க்கு.

மார்க்கு மாறிவிட்டது!

நாலில் ஒன்று சிறியது, மலிவானது. திரைக்குப் பின்னால் இருந்தபோது அதற்கு நல்ல மார்க்கு. கண்ணால் பார்த்ததும் மார்க்கு இறங்கிவிட்டது. பெரிய, பளபளப்பான பெட்டிகளுக்கு மார்க்கு ஏறிவிட்டது. வேறு வேடிக்கையும் நடந்தது. ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றி வைத்தால் ஒலி மாறும். திரை இருந்தபோது அந்த மாற்றத்தைக் கேட்டுச் சொன்னவர்கள், திரை விலகியதும் அதைக் கவனிக்கவே இல்லை. கண் வேலை செய்ய ஆரம்பித்ததும் காது லீவு போட்டுவிட்டது!

அவர்கள் பொய் சொல்லவில்லை. கேட்டதாக நினைத்ததைத்தான் எழுதினார்கள். பணம் கொடுத்து ஒரு பொருளை வாங்கியவனுக்கு இந்த மயக்கம் இன்னும் அதிகமாக இருக்காதா? கம்பிக்காக ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தவன், "வித்தியாசம் இல்லை" என்று மனைவியிடம் எப்படிச் சொல்வான்?

2022-ல் நடந்தது இதைவிடக் கேலிக்கூத்து. அமெரிக்காவில் மொபைல் பிடிலிட்டி என்ற கம்பெனி விலை உயர்ந்த இசைத்தட்டுகளை விற்று வந்தது. அசல் ஒலிநாடாவில் இருந்து, நடுவில் கம்ப்யூட்டர் எண்ணாக மாற்றாமல், நேராகத் தட்டில் வெட்டுகிறார்கள் என்றுதான் வாங்கியவர்கள் நம்பினார்கள். "டிஜிட்டல் கலந்தால் என் காது உடனே சொல்லிவிடும்" என்று மார்தட்டுகிறவர்கள் அவற்றைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

மைக்கேல் ஜாக்சனின் "திரில்லர்" தட்டை 40,000 பிரதிகள் போடுவதாகக் கம்பெனி அறிவித்தது. அங்கேதான் சந்தேகம் பிறந்தது. அவர்களுடைய முறைப்படி 40,000 பிரதி போட வேண்டுமானால், விலை மதிப்பில்லாத அசல் ஒலிநாடாவைப் பல பத்துத் தடவை ஓட விட வேண்டும். யார் சம்மதிப்பார்கள்? பீனிக்ஸ் நகரில் இசைத்தட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவர் விஷயத்தை வெளியே விட்டார். பிறகு கம்பெனியின் நிபுணர்களே ஒப்புக்கொண்டார்கள். 2011 முதலே நடுவில் டிஜிட்டல் பதிவு இருந்திருக்கிறது! வழக்கு கோர்ட்டுக்குப் போனது.

11 ஆண்டுகள்! இத்தனை கூர்மையான காதுகளில் ஒன்று கூட ருசுப்படுத்தவில்லை. கடைசியில் காட்டிக் கொடுத்தது என்ன? 40,000 என்ற கணக்கு! இந்த ஆட்டத்தில் கணக்குக் கட்சிக்கு வெற்றி.

கயிறு இழுக்கும் போட்டி

இரண்டையும் சேர்த்துப் பிடித்தவர் ஒருவர் உண்டு. பாப் கார்வர் என்ற அமெரிக்கர். ஆம்ப்ளிபயர் செய்கிறவர். 1985-ல் "ஸ்டீரியோபைல்" பத்திரிகையிடம் சவால் விட்டார். அது காதை நம்புகிற பத்திரிகை. "உங்களுக்குப் பிடித்த, எவ்வளவு விலை உயர்ந்த ஆம்ப்ளிபயரை வேண்டுமானாலும் கொண்டு வாருங்கள். என்னுடைய மலிவான ஆம்ப்ளிபயரை அதே மாதிரி பாட வைக்கிறேன்" என்றார்.

பத்திரிகைக்காரர்கள் பல மடங்கு விலையுள்ள வால்வு ஆம்ப்ளிபயரைக் கொண்டு வந்தார்கள். கார்வர் ஓட்டல் அறையில் கருவிகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

அவர் செய்தது எளிமையான வேலை. இரண்டு ஆம்ப்ளிபயர்களுக்கும் ஒரே பாட்டைக் கொடுத்தார். ஒரு ஸ்பீக்கரை இரண்டுக்கும் நடுவில் கட்டினார். கயிறு இழுக்கும் போட்டி மாதிரி! இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் கயிறு அசையாது. ஸ்பீக்கரும் பேசாது. சத்தம் வந்தால், அதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்! அந்தச் சத்தம் அடங்குகிற வரை தன் ஆம்ப்ளிபயரின் உள்ளே திருத்திக்கொண்டே இருந்தார். நடுவில் பத்திரிகைக்காரர்கள் கேட்டு, "இன்னும் ஒன்றாகவில்லை" என்றார்கள். கார்வர் வாதாடவில்லை. மறுபடியும் போய் உட்கார்ந்தார்.

முடிவில் அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. காதுக் கட்சிக்காரர்கள்தான், அதைத் தங்கள் பத்திரிகையிலேயே எழுதினார்கள். அதற்காக அவர்களையும் பாராட்ட வேண்டும்.

கிளப்புக்காரர்களின் கண்டுபிடிப்பு

இந்தப் பொழுதுபோக்கில் உருப்படியான வேலையைப் பெரிய கம்பெனிகள் மட்டும் செய்யவில்லை. சாதாரண ரசிகர்கள் செய்தார்கள். அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கம் 1970-களில் ஒரு கிளப் இருந்தது. பெயர் "தென்கிழக்கு மிச்சிகன் ஊபர்-ட்வீட்டர் அணிவகுப்புச் சங்கம்". அவர்கள் அணிவகுத்துப் போகிறவர்கள் அல்ல. தமாஷுக்கு வைத்த பெயர். ஆனால் செய்த காரியம் தமாஷ் அல்ல. "ஏ.பி.எக்ஸ்." என்ற பெட்டியை அவர்கள் உருவாக்கினார்கள்.

ஒரு பொத்தானை அழுத்தினால் ஏ கருவி பாடும். இன்னொன்றை அழுத்தினால் பி கருவி பாடும். மூன்றாவது பொத்தான் எக்ஸ். அது ஏ-யா, பி-யா? பெட்டிக்கு மட்டும்தான் தெரியும். கேட்கிறவர் சொல்ல வேண்டும். பெட்டி மார்க்குப் போடும். முகம் பார்த்து மார்க்குப் போடாத வாத்தியார்!

பாஸ்டனில் இன்னொரு கிளப். அங்குள்ள இரண்டு பேர், சாதாரண சி.டி. தரத்துக்கும் அதைவிட உயர்ந்தது என்று விற்கப்படும் தட்டுகளுக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று பலரைக் கேட்க வைத்து, 2007-ல் வெளியிட்டார்கள். 554 தடவை கேட்டார்கள். சரியான விடை 276. நாணயத்தைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு வந்திருக்கும்!

அதோடு கதவை மூடிவிடக் கூடாது. 2016-ல் லண்டன் பேராசிரியர் ஜோஷுவா ரைஸ் என்பவர் இப்படிப்பட்ட 18 ஆராய்ச்சிகளைச் சேர்த்துக் கூட்டினார். 12,500 தடவைக்கு மேல் கேட்டதில், 100-க்கு 52.3 சரி. காது பழகியவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னார்கள். ஆக, வித்தியாசம் இருக்கிறது. ஆனால் கடுகளவு! "வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம்" என்று விளம்பரம் செய்கிறவர்களுக்கு இந்தக் கடுகைக் காட்ட வேண்டும்.

வீட்டில் செய்யலாம்

இதற்கெல்லாம் பெட்டி வாங்க வேண்டியது இல்லை. கடைக்காரர் புதிய கருவியைக் கொடுத்து, "வீட்டில் வைத்துக் கேளுங்கள்" என்றால், ஒரு போர்வையும் ஒரு நாணயமும் போதும். போர்வையைத் திரையாகக் கட்டுங்கள். பழைய கருவியும் புதிய கருவியும் திரைக்குப் பின்னால் இருக்கட்டும். தம்பியோ மகளோ உள்ளே நாணயத்தைச் சுண்டட்டும். பூ விழுந்தால் பழையது, தலை விழுந்தால் புதியது. வெளியே இருப்பவர் எழுதிக்கொண்டே வர வேண்டும். 16 தடவை. 12-க்கு மேல் சரியாகச் சொன்னால் காது உண்மையில் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். குருட்டுப் போக்கில் 12-ஓ அதற்கு மேலோ வருவது 100-க்கு 4 தடவைதான்.

ஒரு எச்சரிக்கை. இரண்டின் சத்தமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று மயிரிழை கூடுதலாக இருந்தாலும் அதுதான் "தெளிவாக இருக்கிறது" என்று காது சொல்லும். மனிதக் காது மெதுவான சத்தத்தில் அடித்தொனியை அவ்வளவாகக் கேட்பதில்லை. பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் பிளெச்சர், மன்சன் என்ற இருவர் இதை 1933-லேயே அளந்து காட்டினார்கள். சத்தத்தைக் கூட்டினால் அடித்தொனி தானாக நிரம்பி வரும். சில கடைகளில் விற்க வேண்டிய பெட்டியைக் கொஞ்சம் சத்தமாக வைப்பது இதற்காகத்தான்!

இன்னொரு சோதனைக்குக் காசே வேண்டாம். அறையின் நீளம் 14 அடி என்று வைத்துக்கொள்வோம். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 1,130 அடி போகிறது. கணக்குப்படி அந்த அறையில் விநாடிக்கு 40 தடவை அதிர்கிற கனத்த தொனி, சுவர் ஓரத்தில் முழங்கும், நடுவில் அடங்கும். இது கணக்கு. இனி அந்தத் தொனியை ஸ்பீக்கரில் ஓட விட்டு, சுவரில் இருந்து நடு அறை வரை நடந்து பாருங்கள். பெட்டியும் அதே, கம்பியும் அதே. ஆனால் நாலு எட்டு நடப்பதற்குள் சத்தம் பெருகுவதும் ஒடுங்குவதும் சின்னப் பிள்ளைக்குக் கூடக் கேட்கும். அலமாரி, ஜன்னல், திறந்த கதவு எல்லாம் கணக்கைக் கொஞ்சம் மாற்றும். எவ்வளவு மாற்றும் என்பது நடந்தால்தான் தெரியும்.

பல ஆயிரம் டாலர் கம்பியை மாற்றி வராத வித்தியாசம், நாற்காலியை இரண்டடி நகர்த்தினால் வந்துவிடுகிறது. நகர்த்துவதற்குக் காசு கேட்கிற கடைக்காரர் யாரும் இல்லை. அதனால்தான் அதற்கு விளம்பரமும் இல்லை.